பாலமுரளி கொடுத்த கண்ணாடித் தாள்

என் பெயர் ராதாமணி. வயது 48. கணவர் பெயர் நாகசுப்பிரமணியன். மதுரை லட்சுமிபுரத்தில் சொந்த வீட்டில் குடியிருந்து வருகிறேன். என் கணவர் சேலை மொத்த வியாபாரம் செய்து வருகிறார். எனக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவோம் என்பதால் என் மகன் என்னிடம் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன். முனீஸ்வரி என்ற பெண் எங்கள் மகனின் மனைவி என்று பொய் சொல்லி ஏமாற்றப் பார்ப்பதாக என் கணவர் கொடுத்த புகார் மனு சம்பந்தமாக இன்று காவல் நிலையத்தில் ஆஜராகி இந்த வாக்குமூலம் கொடுக்கிறேன்.

பாலமுரளி எங்களுக்கு ஒரே மகன். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.சி.ஏ. கடைசி வருடம் படித்து வந்தான். கடந்த 2004 பிப்ரவரி மாதம் ஒரு நாள் மாலை கல்லூரியிலிருந்து வந்தவன் என்னிடம் ஒரு கண்ணாடித் தாளைக் கொடுத்தான். அதில் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகப் பொடிப் பொடிப் புள்ளிகள்தான் இருந்தன. கலர் கோலப்பொடியைக் கொட்டிக் கலந்தது போல இருக்கிறதே, இதற்கா மூன்று வருடம் ஃபீஸ் கட்டினோம் என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, ஒரு கலர் படத்தை இப்படி இரண்டு தாளாகப் பிரித்திருப்பதாகவும், ஒரு தாளை மட்டும் எத்தனை நாள் பார்த்தாலும் யாருக்கும் ஒன்றும் தெரியாது என்றும், இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் புள்ளிக்குப் புள்ளி சரியாக வைத்தால்தான் படம் தெரியும் என்றும் சொன்னான். அதுதான் அவனுடைய பிராஜெக்ட். அதன் பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னொரு தாள் ஒருத்திகிட்ட இருக்கும்மா. அவ கொண்டாந்தா அவகிட்ட மட்டும் இதைக் குடு. அப்பாவுக்குத் தெரிய வேணாம்" என்றான். யார் அவள் என்று கேட்டேன். வேலை கிடைத்ததும் தானே கூட்டி வருவதாகச் சொன்னான். அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கோபம் வந்தது. இரண்டு நாள் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் தாளை வாங்கி பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் வைத்தேன்.

அதன் பிறகு மே மாதம் திண்டுக்கல்லில் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது, வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் பேருந்தும் லாரியும் மோதியதில் என் மகன் இறந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் அவன் பையை என் கையில் கொடுத்தார்கள். பிராஜெக்டைப் பதிந்து வைத்திருந்த கம்ப்யூட்டர் ஃபிளாப்பி நசுங்கி இருந்தது. நான் கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதம் திறக்காமல் அப்படியே இருந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்தத் தாளை எடுத்து எடுத்துப் பார்த்து வந்தேன். அவன் கைபட்டுச் செய்தது வேறு எதுவும் என்னிடம் இல்லை. பார்க்கும்போதெல்லாம் விரல் ஈரத்தில் சாயம் கொஞ்சம் கொஞ்சமாக என் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. இப்படியே போனால் தாளும் வெறுமையாகிவிடும் என்று பயந்து, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் செய்யக் கொடுத்தேன். கடைக்காரர், "அக்கா, இது சூடு தாங்குமான்னு தெரியலையே" என்றார். அவனுடைய மார்க் ஷீட்டுகளை எல்லாம் லேமினேஷன் செய்துதான் வைத்திருக்கிறோம், அவை நன்றாகத்தானே இருக்கின்றன, போடுங்கள் என்றேன். மிஷினிலிருந்து சூடாக வந்த தாளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இனி அழியாது என்று நிம்மதியாக இருந்தது.

அதன் பிறகு ஜூன் மாதம் முனீஸ்வரி எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஊர் எழுமலை என்றும், என் மகனோடு படித்தவள் என்றும், ஜனவரியில் ஒரு சின்னக் கோயிலில் இருவரும் தாலி கட்டிக்கொண்டதாகவும் சொன்னாள். எங்களிடமும் சொல்ல முடியாது, அவள் வீட்டிலும் சொல்ல முடியாது என்பதால் பதிவு செய்யவில்லையாம். "எங்கண்ணே பொட்டியக் கிண்டிப் பாப்பாக. போட்டோ சிக்குனா அம்புட்டுத்தான். அதான் படத்தை ரெண்டாப் பிரிச்சு, ஆளுக்கொரு வீட்டுல வச்சோம்" என்றாள். அந்தக் கல்யாணப் படம் கல்லூரி டிஜிட்டல் காமிராவில் எடுத்ததாம், தாளாகப் பிரித்ததும் அழித்துவிட்டார்களாம். என் கணவர் வாசலை மறித்து நின்று, "செத்தவன் பேரைச் சொல்லிக்கிட்டு யாரு வேணாலும் வந்துரலாமா?" என்று சத்தம் போட்டார். அவள் பைக்குள்ளிருந்து ஒரு கண்ணாடித் தாளை எடுத்தாள்.

நான் உள்ளே ஓடிப்போய் என் தாளைக் கொண்டுவந்தேன். ஓடினேன் என்பதை மறைக்கவில்லை. மகனை இன்னொரு தடவை பார்க்கப் போகிறேன் என்று ஓடினேன். பளபளவென்று இருந்த தாளைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போனது. "என்ன அத்தை செஞ்சீங்க" என்று மட்டும் கேட்டாள். ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, மேலும் கீழும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். புள்ளி மேல் புள்ளி நிற்கவில்லை. ஒரு மூலையில் மட்டும் விரல் அகலத்துக்கு மஞ்சள் நிறம் தெரிந்தது.

அதன் பிறகுதான் என் கணவர் மனு கொடுத்தார். நேற்று இந்த நிலையத்துக்கு வந்த கல்லூரி ஆசிரியர் இரண்டு தாளையும் பார்த்துவிட்டு, சூட்டில் ஒரு தாள் சுருங்கிச் சாயமும் இழுபட்டுவிட்டது, இனி சேராது என்றார். கல்லூரிக் கம்ப்யூட்டர்களில் இருந்ததையும் பரீட்சை முடிந்ததும் அழித்துவிட்டார்களாம். கோயில் பூசாரிக்கு ஞாபகம் இல்லை. ஆகவே முனீஸ்வரி மேல் மோசடி வழக்குப் போடலாம் என்று பேச்சு வந்தது. வழக்கு என்று வந்தால் எழுமலையிலும் அவளுக்கு வாசல் கிடையாது. இன்று நிலைய வராந்தாவில் அவள் என்னிடம், "நான் பொய்க்காரி இல்லன்னு நீங்க ஒருத்தராவது சொல்லுங்க அத்தை" என்றாள்.

மூலையில் தெரிந்த மஞ்சள் தாலிக்கயிறுதானா என்று இன்ஸ்பெக்டர் அய்யா கேட்டார்கள். எனக்குத் தெரியாது. பூவாக இருக்கலாம், சேலைக் கரையாக இருக்கலாம். தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். இன்னொரு தாளோடு ஒருத்தி வருவாள், அவளிடம் கொடு என்று என் மகன் என்னிடம் சொன்னது எனக்குத் தெரியும். அந்தத் தாளோடு வந்தவள் இவள் ஒருத்திதான். படம் தெரியாமல் போனது என் கையால். அதற்கு அவள் மேல் வழக்குப் போடக் கூடாது. என் கணவரும் பொய் சொல்லவில்லை. மகனைப் பறிகொடுத்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் இவள் மேல் கொட்டுகிறார். மகன் தாளைக் கொடுத்துச் சொன்னதை இவ்வளவு நாள் அவரிடம் சொல்லப் பயந்தேன். இப்போது அவர் இதோ எதிரில் உட்கார்ந்திருக்கிறார், அவர் கேட்கத்தான் சொல்கிறேன்.

எழுதியதை ஏட்டையா வாசித்துக் காட்டினார். முனீஸ்வரிக்கும் எனக்கும் உள்ள உறவு என்ற இடத்தில் "மகனுடன் படித்த பெண்" என்று எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு "மருமகள்" என்று எழுதச் சொன்னேன். அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் தலைகுனிந்திருந்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏட்டையா அடித்து எழுதினார். அந்தத் திருத்தத்துக்குப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மற்றபடி நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
நா. ராதாமணி