நான்கு மூலையிலும் மஞ்சள்

பால் கிழக்குப் பக்கம்தான் பொங்கி வழிந்தது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் மேடம். எனக்குச் சகுனத்தில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் பார்க்க நன்றாக இருந்தது.

என் பெயர் மாதங்கி. குடும்ப நாவல் எழுதுகிறவள். இதுவரை பத்தொன்பது வந்திருக்கிறது. உங்கள் ஏட்டம்மாகூட இரண்டு படித்திருக்கிறாராம். என் கதைகளில் யாரும் சாக மாட்டார்கள். கோபித்துக்கொண்டு போன அப்பாக்கள் கடைசி அத்தியாயத்தில் வாசலுக்கு வந்து நிற்பார்கள். அதற்காகவே என் வாசகிகள் படிக்கிறார்கள்.

ஆறு வருஷமாக நான் ஒரு வரி எழுதவில்லை. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாடகை வீடு. பேனாவைத் திறந்தால் "தேனி, கம்பம், தேனி, கம்பம்" என்று கண்டக்டர் குரல் வந்துவிடும்.

"வீடு கட்டினா எழுதிடுவியா?" என்று என் கணவர் வெங்கட்ரமணன் கேட்டார்.

"எழுதிடுவேன்" என்றேன்.

ரிடையர் ஆன கையோடு அழகர்கோவில் ரோட்டில் மனை வாங்கி வேலையைத் தொடங்கிவிட்டார். மாடியில் எனக்கென்று ஓர் அறை. ஒரு ஜன்னலில் மலை தெரியும். இன்னொன்றில் கேட்டும் வாசலும் தெரியும்.

கட்டடம் பாதியில் நிற்கும்போது சூர்யபிரகாஷும் நாகஜோதியும் வந்தார்கள். அவன் ஒயரிங் வேலை பார்ப்பவன். அவளுக்கு மேற்கே ஒரு ஊர். சாதி வேறு என்பதால் வீட்டுக்குத் தெரியாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, ஒளிந்திருக்க இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். கட்டடத்துக்கும் காவல் ஆச்சு என்று மாடி அறையிலேயே தங்கச் சொன்னேன். என் கணவர் தயங்கினார். நான்தான் சொன்னேன். எனக்கு அவர்கள்மேல் பிரியம் இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

தினமும் காலையில் பஸ் ஏறிப் போவேன். ஜோதி டியூபைப் பிடித்துக்கொண்டு புதுச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள்.

"இவ ஊத்துற ஊத்துக்குச் சுவத்துல நெல்லு நட்டுருக்கலாம் மாமி" என்பான் அவன்.

"நீ மாட்டுன பெல்லை அமுக்குனா மோட்டார் ஓடுது. பேச வந்துட்டாரு" என்பாள் அவள்.

அப்படி அவர்கள் சண்டை போட்ட ஒரு நாள் மத்தியானம் சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். ஒரே மூச்சில் பதினொரு பக்கம். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பிரசவம் முடிந்து பிள்ளையைக் கையில் வாங்கியது மாதிரி இருந்தது.

அதன்பிறகு ஜோதி சொல்லச் சொல்ல எழுதினேன். அவளுடைய அப்பா தங்கப்பாண்டியைப் பற்றித்தான் அதிகம் கேட்பேன்.

"கோவக்காரருதான் மாமி. ஆனா நான் சாப்பிடாமப் படுத்துட்டா அவரும் சாப்பிட மாட்டாரு. தட்டைத் தூக்கிட்டு வந்து பக்கத்துல உக்காந்துருவாரு."

"இப்ப உன்னைப் பாத்தா என்ன பண்ணுவார்?"

"என்னைய ஒண்ணும் செய்ய மாட்டாரு. இவரைத்தான் விட மாட்டாரு."

முதலில் சொன்னதை நாவலில் வைத்துக்கொண்டேன். இரண்டாவதை விட்டுவிட்டேன். யார் பேசினாலும் நான் கொஞ்சம் திருத்தித்தான் எழுதுவேன். கொச்சையும் கடுமையும் என் வாசகிகளுக்குப் பிடிக்காது.

இருபத்திரண்டு அத்தியாயம் முடிந்தது. கடைசி அத்தியாயத்தில் அப்பா வாசலுக்கு வர வேண்டும். நாலு தடவை எழுதினேன். நாலு தடவையும் ஜவுளிக்கடை பொம்மை மாதிரி வந்து நின்றார். பத்தொன்பது நாவல் எழுதியும் அப்படி ஒரு அப்பாவை நான் நேரில் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

புதுமனை புகுவிழாவுக்கு ஆவணியில் நாள் குறித்து, பத்திரிகை அடித்து வந்தது. நூற்றைம்பது. நான்கு மூலையிலும் நானே மஞ்சள் தடவினேன். கடைசியில் ஒன்று மிஞ்சியது. காவலுக்கு வைத்தபோது ஜோதி ஆதார் நகல் கொடுத்திருந்தாள். அதில் ஊர் முகவரி இருந்தது. 'தங்கள் மகளும் இங்கேதான் இருக்கிறாள், அவசியம் வரவேண்டும்' என்று ஒரு வரி எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினேன். பத்திரிகை வைப்பது தப்பா மேடம்? பெற்றவர்களை அழைக்காமல் ஒரு நல்ல காரியம் எப்படிச் செய்வது?

மூன்றாம் நாள் தங்கப்பாண்டி போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார். எத்தனை மணிக்கு முகூர்த்தம் என்று கேட்டார். ஆறிலிருந்து ஏழரை என்றேன். "மாப்பிள்ளை இருப்பாரா?" என்று கேட்டார். இருப்பார் என்றேன். இதைத்தான் முதல் நாளே உங்களிடம் சொன்னேன். நோட்டிலும் அப்படியே எழுதியிருக்கிறேன். 'மாப்பிள்ளை' என்று கேட்கிற மனுஷர் மனம் மாறிவிட்டார் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

மறுநாள் சூர்யபிரகாஷ் வந்து நின்றான்.

"விசேஷத்தன்னிக்கு நாங்க கோரிப்பாளையத்துல ஃப்ரெண்டு வீட்ல இருந்துக்கிறோம் மாமி. நாலு பேரு வந்து போற இடம். யாரு கண்ணுலயாச்சும் பட்டுட்டா வம்பு."

"இந்த ஆத்துல ஒவ்வொரு ஒயரும் நீ இழுத்தது. நீ இல்லாம நான் பால் காய்ச்சுவேனா?" என்றேன்.

அவன் கண் கலங்கிவிட்டது. சரி மாமி என்றான்.

விசேஷத்தன்று விடிகாலையில் ஜோதிக்கு என் அரக்குப் பட்டுப் புடவையைக் கட்டிவிட்டேன். பன்னீர்ச் செம்பைக் கையில் கொடுத்து வாசலில் நிற்கச் சொன்னேன். அவன் கேட் பக்கம் ஸ்டூலில் ஏறி சீரியல் லைட்டைச் சரிசெய்துகொண்டிருந்தான். அது அணைந்து அணைந்து எரிகிறது என்று நான்தான் சொல்லியிருந்தேன். பால் பொங்கியதும் எல்லோருக்கும் கொடுக்கச் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். நாற்காலியை முந்தின நாளே வாசல் ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருந்தேன்.

ஏழு பத்துக்கு அவர் வந்தார். கூட இரண்டு பேர். வெள்ளை வேட்டி, கையில் தாம்பூலப் பை. பையில் என்ன இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். ஸ்டூல் சாய்ந்தது. அவன் ஜோதியைத்தான் கூப்பிட்டான். மூன்று நிமிஷம்கூட இல்லை.

அவள் செம்பைக் கீழே போடவில்லை. மார்போடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். தங்கப்பாண்டி கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு அவளிடம் போனார். அவர் முகமெல்லாம் கண்ணீர். அவள் கன்னத்தைத் தொட்டு, "சாப்ட்டியா ஆத்தா?" என்று கேட்டார்.

நான் ஜென்மத்துக்கும் யோசித்திருக்க முடியாத வரி அது மேடம். உடனே குறித்துக்கொண்டேன். இந்த அப்பா பொம்மை இல்லை.

கடைசி அத்தியாயம் ஒன்பது நாளில் முடிந்தது. அதில் அவர் தாம்பூலப் பையோடு வருகிறார், மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்கிறார், மகளிடம் சாப்பிட்டாயா அம்மா என்று கேட்கிறார். ஏட்டம்மா நிச்சயம் அழுவார். ஜோதியைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். நல்லது நடக்கும் என்று நம்பித்தான் கூப்பிட்டேன் என்று அவளுக்குப் புரிய வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் கவலை.

என்ன சொன்னீர்கள்? தங்கப்பாண்டி போனில் பேச்செல்லாம் தானாகவே பதிவாகுமா? நீங்கள் கேட்டுவிட்டீர்களா?

அப்படியானால் திருத்தாமலே சொல்லிவிடுகிறேன். அவர் மாப்பிள்ளை என்று சொல்லவில்லை. "அந்தப் பய இருப்பானா?" என்றுதான் கேட்டார்.

"இருப்பான்" என்றேன். "நான் இருக்கச் சொல்றேன்."