முழங்காலுக்கு வந்த மரம்

நகர நடுவிலுள்ள பொலிதேயாமாவிலிருந்து கடற்கரைப் பக்கத்து மொண்டெல்லோவுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னிருக்கையில் வேலைக்குப் போகிற இரண்டு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். யன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

“என்ரை மகள் மரத்துக்கு மேலை நடந்து திரிஞ்சவள்.”

“என்ன கதை அக்கா இது?”

“நோர்வேயிலை, தூந்திரா எண்டு சொல்லுற பனிநிலத்திலை ஆராய்ச்சி செய்யிறாள் எல்லே. அந்தக் குளிருக்கு மரமெல்லாம் புல்லு மாதிரி நிலத்தோடை படர்ந்துதான் கிடக்குமாம். இப்ப சூடு கூடி, முழங்காலுக்கு வளர்ந்திட்டுதாம்.”

“மரம் வளர்ந்தா நல்லதுதானே?”

“நானும் அப்பிடித்தான் கேட்டன். அந்த நிழலுக்கை பனிமான் தின்னுற பாசி அழிஞ்சு போகுதாம். அதைப் பாக்கவேணுமாம், இந்தக் கோடைக்கும் வரமாட்டாளாம்.”

“அழுதிருப்பியள்.”

“ஓம், அழுதனான். பிறகு நான் வேலை செய்யிற வீட்டுச் சினோராட்டை லீவு கேட்டன். அவ தந்திட்டா. வாற கிழமை நான் அங்கை போறன்.”

மற்றவர் சிரித்துவிட்டார்.

“மகளுக்குச் சொல்லிப்போட்டியளே?”

“சொன்னனான். ‘அம்மா, நல்ல சப்பாத்தாப் போட்டுக்கொண்டு வாங்கோ, நான் நடக்கிற இடமெல்லாம் காட்டுறன்’ எண்டாள்.”