கண் வரிசையில் ஒரு கூடை

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், புதுச்சேரி ஆஸ்பத்திரி ஒன்றில் கண் பார்க்கும் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். பின்னால் நின்றவள் முன்னால் நின்ற மூத்தவளிடம் சொன்னாள்:

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுதுக்கா."

"அப்புறம் ஏன் இங்க நிக்கிற?"

"பக்கத்து வரிசை மனசு சரியில்லாதவங்களுக்கு. யாராவது பாத்துட்டா? அங்க ஆள் குறையட்டும்னுதான் இங்க நிக்கிறேன். போன வாரமும் இப்படியே நின்னேன். அதுக்குள்ள டாக்டர் போயிட்டாரு."

"யாருக்குப் பாக்கணும்?"

"எம்பொண்ணுக்கு. புள்ள பெத்து ஒரு மாசமாவுது. தூங்க மாட்டேங்குறா. கொழந்தைய ஏறெடுத்தும் பாக்கல. அவ மாமியார் வூடு இங்க உப்பளம் பக்கந்தான், கூப்புடு தூரம். தெரிஞ்சா இன்னா ஆவுமோ."

தூணோரம் ஒரு இளம்பெண் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மூத்தவள் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"எங்க வூட்டுக்காரருக்கும் அந்த டாக்டர்கிட்டதான் பாத்தோம். ஆறு மாசம் செவுத்தப் பாத்துப் படுத்துங்கெடந்தாரு, ஒரு வார்த்த பேசல. இப்ப மில்லுக்குப் போறாரு. கொழம்புல உப்பு இல்லன்னு எங்கூட சண்டையும் போடுறாரு."

தாய் லேசாகச் சிரித்தாள்.

"வா, நானும் அங்க வந்து நிக்கிறேன். யாராவது கேட்டா, இந்த அக்காவுக்குத்தான் பாக்கணும், தொணைக்கு வந்தேன்னு சொல்லிக்க."

மூத்தவள் தன் ஒயர் கூடையை வரிசையில் வைத்துவிட்டு, அந்தப் பெண்ணைக் கைகொடுத்து எழுப்பினாள். மூவரும் பக்கத்து வரிசைக்குப் போனார்கள்.

எங்கள் வரிசை நகர நகர, யாரும் சொல்லாமலே கூடையை முன்னால் தள்ளிக்கொண்டே போனோம். கண் டாக்டர் அறை வாசலுக்கு அதுதான் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது.