கை தவறவில்லை

வெல்லத் தண்ணீர் ஆறிவிட்டது. பரவாயில்லை இன்ஸ்பெக்டரம்மா, ஆறியதைக் குடித்தே எனக்குப் பழக்கம்.

‘கை தவறி நடந்த விபத்து’ என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். கையெழுத்துப் போட்டால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்கிறீர்கள். போட மாட்டேன்.

நான் தேஹோ ஆடுகிறவன். எதிர்க்கோடியில் களிமண் மேடை, நடுவில் இரும்பு வளையம், அதன் விளிம்பில் வெடிமருந்துப் பொட்டலங்கள். என் இரும்பு வட்டு போய் விழுந்தால் பொட்டலம் வெடிக்கும். இந்தக் கில்தார்தோவுக்குக் கை தவறுமா என்று எங்கள் ஊர் திபாசோசாவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

எதுவும் வெடிக்காத சுற்றில், யார் வட்டு வளையத்துக்குக் கிட்டே கிடக்கிறது என்று அளக்க வேண்டும். எங்கள் களத்தில் அது பெலார்மினோவின் வேலை. நாடா கிடையாது. மண்டியிட்டு, இடது கண்ணை மூடி, வலது கண்ணால் பார்ப்பார். அவர் சொன்னதுதான் தீர்ப்பு.

ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டம்.

“உன் வட்டு ஒரு விரக்கடை தள்ளிக் கெடக்கு கில்தார்தோ. தோத்துட்டே.”

“நல்லாப் பாருங்க அண்ணே.”

“என் கண்ணு பொய் சொல்லாதுப்பா. உன் கைதான் கிழடு தட்டிப்போச்சு. பேசாம வீட்டுல ஒக்காந்து உருளைக்கிழங்கு உரி.”

பீர் புட்டியும் கையுமாக நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். என் மருமகனும்தான்.

மற்றவர்களின் வட்டுகளை அளக்க அவர் மறுபடி குனிந்தார். ஆள் குனிந்திருக்கையில் யாரும் எறிவதில்லை. நான் எறிந்தேன்.

தலையில் போட்டால் கொலை. நான் கொலைகாரன் இல்லை. அவர் முகத்துக்கு நேரே இருந்த பொட்டலத்தைக் குறி பார்த்தேன். வெடித்தது. வளையத்திலிருந்து ஒரு சில்லு தெறித்துப் போய்க் கண்ணில் ஏறியது. என்னைத் தோற்கடித்த அந்த வலது கண்தான் எனக்கு வேண்டியிருந்தது. எடுத்துக்கொண்டேன்.

கிழட்டுக் கை இதைச் செய்யுமா? எழுதுங்கள். எத்தனை வருஷம் வேண்டுமானாலும் உள்ளே இருக்கிறேன். ‘தவறி’ என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

“போனது இடது கண்ணுய்யா. வலதுக்கு ஒண்ணும் ஆகல. செவுத்துல சிலுவையைக் கோணலா மாட்டியிருக்காங்கன்னு படுக்கையிலேர்ந்தே நர்ஸைத் திட்டிட்டு இருக்காரு.”

அதற்கு நான் என்ன செய்ய முடியும், இன்ஸ்பெக்டரம்மா? கடைசி நேரத்தில் அவர் தலையைத் திருப்பியிருப்பார். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.