விளக்கு வைத்த பிறகு கொடுத்த சில்லறை

பெயர்: புனிதா த/பெ அர்ச்சுனன். வயது: 43. தொழில்: கடையில் காசாளர். முகவரி: எண் 17, தாமான் செம்பாக்கா, மந்தின், நெகிரி செம்பிலான்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல பாலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில், உள்ள தமிழ் சார்ஜன் எழுதிக்கொள்கிறார். யாரும் என்னை மிரட்டவில்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, அதையும் எழுதுங்கள் என்றேன். தேவையில்லை என்றார், பிறகு எழுதினார்.

நான் மந்தின் பெரிய சாலையில் உள்ள நாகநாதன் மளிகை, பூசைச் சாமான் கடையில் பதினோரு வருடமாகக் கல்லாவில் நிற்கிறேன். முதலாளி நாகநாதனுக்குப் போன வருடம் பக்கவாதம் வந்து பேச்சு குளறிவிட்டதால், கோலாலம்பூரில் வேலை பார்த்த அவர் மகன் தர்ஷன் வந்து கடையைப் பார்த்துக்கொள்கிறார். முதலாளியின் மனைவி அபிராமியை நாங்கள் ஆச்சி என்று கூப்பிடுவோம். வெள்ளிக்கிழமை மாலையில் ஆச்சி கடைக்கு வந்து, கல்லாவுக்கு மேலே இருக்கும் லட்சுமி படத்துக்கு விளக்கு வைப்பார். விளக்கு வைத்த பிறகு மறுநாள் காலை வரை கல்லாவிலிருந்து ஒரு காசு வெளியே போகக்கூடாது. உள்ளே வரலாம். இது முதலாளி காலத்து வழக்கம்.

ஆனால் கடைக்குக் கூட்டம் வருவதே அந்த நேரத்தில்தான். தோட்டத்திலிருந்தும் தாமான் வீடுகளிலிருந்தும் பூ, கற்பூரம், வெற்றிலை வாங்க வருகிறவர்கள் ஐம்பது ரிங்கிட் தாளை நீட்டுவார்கள். மிச்சத்தை நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றால் சும்மா விடுவார்களா? அதனால் நான் என் சொந்தப் பணத்திலிருந்து சில்லறை கொடுத்துவிட்டு, சனிக்கிழமை காலையில் அந்தத் தொகையைக் கல்லாவிலிருந்து எடுத்துக்கொள்வேன். முதலாளி சொல்லித்தான் இப்படிச் செய்தேன். என் கைப்பையிலிருந்து போனால் லட்சுமிக்குக் கோபம் வராது போலிருக்கிறது.

அதன் பிறகு, தைப்பூசத்துக்கு முன்னால் ஒரு வேலையாள் கல்லாவில் கை வைத்துப் பிடிபட்டதால், தர்ஷன் கல்லாவுக்கு மேலே கேமரா வைத்தார். எங்கள் பைகளைப் பின்னறையில் வைக்கச் சொன்னார். பை தைக்காத ஏப்ரன் கொடுத்தார். வேலை நேரத்தில் யாரும் சொந்தக் காசு வைத்திருக்கக்கூடாது என்றார். தினமும் இரவு அவரே கல்லாவை எண்ணி, மறுநாளைக்கு இருநூறு ரிங்கிட் சில்லறை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துப் போவார். அதில் எனக்கு வருத்தமில்லை, கடை அவருடையது. ஆனால் கேமராவுக்குக் கீழே நின்றால் தலையைச் சொறியக்கூட யோசனையாக இருந்தது.

பிறகு நான் ஆச்சியிடம், "ஆச்சி, சொந்தக் காசு வச்சிருக்கக் கூடாதுன்னு தம்பி சொல்லிட்டாரு. வெள்ளிக்கிழம எப்படி சில்லற கொடுக்கறது?" என்று கேட்டேன்.

"அவன்கிட்ட சொல்லிறாத புனிதா. சொன்னா வெளக்கையும் சேத்து நிறுத்திருவான். அவுக படுத்துக் கெடக்கயில வெளக்கு நிக்கலாமா? கற்பூர டின்னுல போட்டு வச்சுக்க" என்றார்.

அதன்படி நான் என் பணத்தை ஒரு காலி கற்பூர டின்னில் போட்டு மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை இரவு தர்ஷன் எண்ணும்போது விற்ற கணக்கைவிடப் பணம் கூடுதலாக இருக்கும், சனிக்கிழமை குறையும். கூடினால் யாரும் கேட்பதில்லை. குறைந்தால்தான் ஆளைத் தேடுவார்கள். இது என்றைக்காவது வெடிக்கும் என்று எனக்குப் பயம் இருந்தது.

கடந்த வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு, தோட்டத்து ராக்கம்மா பதினெட்டு ரிங்கிட்டுக்குச் சாமான் வாங்கி ஐம்பது ரிங்கிட் கொடுத்தார். தாளைக் கல்லாவில் போட்டுவிட்டு, முப்பத்திரண்டு ரிங்கிட்டை டின்னிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் காலை கல்லாவிலிருந்து முப்பத்திரண்டு ரிங்கிட் எடுத்து டின்னில் போட்டேன்.

அதன் பிறகு திங்கட்கிழமை தர்ஷன் என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டார். ஆச்சியும் அங்கே இருந்தார்.

"புனிதாக்கா, இது என்னா? நீங்களே பாருங்க" என்று கேமராவில் பதிவான சனிக்கிழமைப் படத்தைக் கைப்பேசியில் காட்டினார். அதில் நான் கல்லாவைத் திறந்து, வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு, தாள்களை டின்னில் போடுகிறேன். பார்க்கத் திருடி மாதிரிதான் இருந்தேன்.

நான் நடந்ததைச் சொன்னேன். "கஸ்டமருக்கு யாராச்சும் சொந்தக் காசுல பேலன்ஸ் கொடுப்பாங்களா? அம்மா, உங்களுக்கு இது தெரியுமா?" என்று தர்ஷன் கேட்டார்.

ஆச்சி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே, "கல்லாச் சங்கதி எனக்கு என்னப்பா தெரியும்? நான் வெளக்கு வச்சுட்டு வீட்டுக்குப் போறவ" என்றார்.

அதன் பிறகு தர்ஷன் மலாய் மொழியில் டைப் அடித்த ஒரு தாளை வைத்தார். அவர் வந்ததிலிருந்து சனிக்கிழமைகளில் குறைந்த பணம் முழுவதையும் நான் திருடியதாக அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையை விட்டு நின்றால் போலீசுக்குப் போகமாட்டேன் என்றார். மந்தின் சின்ன ஊர். அந்தத் தாள் இருக்கிறவரை எந்தக் கடையிலும் என்னைச் சேர்க்கமாட்டார்கள். போடாவிட்டால் லாக்கப். செனாவாங் தொழிற்சாலையில் ஷிப்டில் இருந்த என் கணவர் மகேந்திரனுக்குப் போன் செய்தேன். "போட்டுட்டு வந்துரு லா. பாலாய், கோர்ட்டுன்னு நம்மளால அலைய முடியாது" என்றார். நான் பேனாவை எடுத்துவிட்டேன்.

அந்த நேரத்தில் கடைக்குச் சரக்கு லாரி வந்து தர்ஷன் வெளியே போனார். ஆச்சி என் பக்கத்தில் வந்து குனிந்து, "போட்டுட்டுப் போயிரு புனிதா. பையன் கோவக்காரன். வெளிய தெரியாம ஒனக்கு நான் பாத்துச் செய்யுறேன்" என்று சொன்னார்.

அதுவரை ஆச்சி பயத்தில் வாய்தவறிச் சொல்லிவிட்டார் என்று நினைத்திருந்தேன். நான் திருடி என்றால் எனக்கு எதற்குப் பார்த்துச் செய்ய வேண்டும்? தெரிந்தேதான் பொய் சொல்லியிருக்கிறார். பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அன்று மாலையே தர்ஷன் புகார் கொடுத்தார், என்னைப் பாலாய்க்குக் கூப்பிட்டார்கள்.

குறைந்த நாளின் படத்தைத்தான் தர்ஷன் பார்த்திருக்கிறார், கூடிய வெள்ளிக்கிழமையின் படத்தைப் பார்க்கவில்லை என்பது இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குத் தோன்றியது. பயத்தில் முன்பே புத்தி வேலை செய்யவில்லை. அதைச் சார்ஜனிடம் சொன்னேன். அன்றைக்குக் கூட்டம் அதிகம், படத்தில் என் முதுகு மட்டும்தான் தெரிகிறதோ என்னவோ, எனக்குத் தெரியாது. படமும் ராக்கம்மாவின் சாட்சியும் போதும், உடம்பு முடியாத கணவரை வைத்திருக்கும் அந்த அம்மாவைப் பாலாய்க்கு இழுக்க வேண்டாமே என்று சார்ஜன் சொன்னார்.

எனக்கு அது போதாது. ஆச்சியைக் கூப்பிடுங்கள். தெரியாது என்பதை என் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை சொல்லட்டும்.

இதைச் சார்ஜன் எனக்குப் படித்துக் காட்டினார். எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் நடந்தது. கடையில் நீட்டிய தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. இதில் போடுகிறேன்.

(ஒப்பம்) புனிதா