பாடுமா, மாடும்மா

மீசை வைத்தவர்களோடு எனக்கு ஒத்துவராது. பாதிப் பேச்சை மயிர் மறைத்துவிடுகிறது. நல்லவேளை, ஐயா, போதகராகிய நீங்கள் சுத்தமாகச் சவரம் செய்துகொண்டு விசாரிக்க வந்திருக்கிறீர்கள். கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்காருங்கள். கத்த வேண்டாம். கத்தினால் வாய் கோணி, சொல் கெட்டுப்போகும்.

டைபாய்டு காய்ச்சலில் காது போனபோது துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ள நானாகவே பழகினேன். புதுத் துறைமுகம் திறந்த எழுபத்து நாலில், கப்பல் மேல்தட்டில் மாலுமிகள் பேசுவதைக் கீழே நின்றபடியே எல்லோருக்கும் சொல்வேன். அவர்கள் கிரேக்கர்கள் என்பதால் யாரும் சரிபார்த்ததில்லை. கிருபாநிதி கண்ணாலேயே கேட்பான் என்று பெயராகிவிட்டது.

அதனால், என் மகள் இன்பமணியைப் பெண் பார்க்க வந்தவர்கள் தங்களுக்குள் குசுகுசுத்தால், பக்கத்து வீட்டிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கும் என் தங்கை அற்புதமணி என் பக்கம் திரும்புவாள்.

"அண்ணே, என்ன சொல்லுதாவ?"

முதலில் வந்தது நாசரேத்து எஸ்றா வீட்டார். எஸ்றா தன் தாயார் பக்கம் சாய்ந்து ஏதோ முணுமுணுத்தான். ஐயா, ப-வும் ம-வும் உதட்டில் ஒன்றுதான். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பாருங்கள். "பொண்ணு பாடுமா?" என்பதும் "பொண்ணு மாடும்மா" என்பதும் ஒரே வாயசைவு.

நான் தங்கையிடம் மாடு என்றேன்.

"ஏலே, எங்க பிள்ள ஒனக்கு மாடு கணக்காவா தெரியுது?" என்று அவள் எழுந்த வேகத்தில், எஸ்றா காப்பித் தம்ளரோடு தெருவுக்குப் போய்விட்டான். தம்ளர் இன்னும் திரும்பி வரவில்லை.

இன்பமணி அன்று அழுதாள். அழுதுகொண்டே சீலாமீன் குழம்பு வைத்தாள். உப்பு சற்றுத் தூக்கல். இருந்தும் இரண்டு தரம் ஊற்றிக்கொண்டேன்.

அடுத்து வந்த சாத்தான்குளத்துக்காரர்கள் "தங்கமான பிள்ளை" என்றது தெளிவாகவே தெரிந்தது. தடித்த பிள்ளை என்கிறார்கள் என்றேன். அதற்கடுத்த மாப்பிள்ளைக்கு அடர்ந்த மீசை, ஒன்றுமே தெரியவில்லை. தெரியாததை நல்லதென்று எடுத்துக்கொள்ள ஒரு தகப்பனால் முடியுமா? அவர்கள் வீட்டில் ஒரு பைத்தியத்தைக் கட்டிப்போட்டிருப்பதாகப் பேசிக்கொள்கிறார்கள் என்றேன். பிறகு யாரும் வரவில்லை.

எஸ்றா கேட்டது பாடுமா என்றுதான். எனக்கு அப்போதே தெரியும். அவன் பார்வை எங்கள் ஆர்மோனியத்தின் மேல்தான் இருந்தது. மூன்று சம்பந்தத்தையும் கெடுத்தவன் நான்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். என் முகத்துக்கு நேராக நின்று, நிதானமாக, வாய் திறந்து என்னோடு பேசுகிறவள் அவள் ஒருத்திதான். அவள் போனால் எனக்கு வீட்டில் பேச்சுத்துணையே கிடையாது. பயந்துவிட்டேன். அவளுக்கும் இங்கே ஒரு குறையும் இல்லை.

நேற்று பஸ் ஸ்டாண்டில் எஸ்றா அவளைப் பார்த்து, "பொண்ணு பாடுமான்னுதான கேட்டேன், அதுக்கு எதுக்கு வெரட்டுனிய?" என்று கேட்டானாம். வீட்டுக்கு வந்தவள் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கினாள். பெட்டியும் கையுமாக என் எதிரே, நல்ல வெளிச்சத்தில் நின்று, ஒரே வார்த்தையை மூன்று தரம் சொன்னாள். பிறகு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவள் சொன்னது "பொய்" என்கிறாள் தங்கை. தங்கை காதை நம்புகிறவள். நான் உதட்டைப் பார்த்தவன், ஐயா. பிள்ளை சொன்னது "மொய்". கலியாணத்தில் மொய் எழுத யார் உட்காருவது என்று கேட்டிருக்கிறாள். கவலைப்பட வேண்டாம், அப்பாவே உட்காருவேன் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள்.