ஆணியில் டார்ச் இல்லை

அம்மா: எடுத்த பொருளை எடுத்த இடத்துல வைக்கணும்னு எத்தனை தடவை…

அப்பா: நான் எடுக்கலைங்கறேன்ல…

அம்மா: அப்ப டார்ச்சுக்குக் கால் முளைச்சு நடந்து போயிடுச்சா? குளியலறைக் கதவுக்குப் பின்னாடி, அந்த ஆணியிலதான் தொங்கணும். நாளைக்குப் புயல் வந்து கரண்டு போச்சுன்னா இருட்டுல எங்க போய்த் தேடுறது?

அப்பா: புயல் இன்னும் கடலுக்குள்ளதான் இருக்கு. அதுக்குள்ள நீ கரையைக் கடந்துட்டே.

மகள்: அம்மா, ஒத்திகை பாக்கலாமா, வேணாமா?

அம்மா: பாக்கலாம். டார்ச் கையில இருக்கறதா நெனச்சுக்கோ. காத்து ஊளையிடுது. முதல்ல என்ன பண்ணுவே?

மகள்: ஜன்னல்கிட்ட போக மாட்டேன். செருப்பு மாட்டிக்குவேன்.

அப்பா: வீட்டுக்குள்ள எதுக்குச் செருப்பு?

மகள்: கண்ணாடி உடைஞ்சு கெடந்தா கால்ல குத்தும்ப்பா. இதுகூடத் தெரியல… நீங்க எப்படித்தான் பஸ் ஓட்டறீங்களோ!

அப்பா: ஏதோ உங்கம்மா புண்ணியத்துல ஓடுது.

அம்மா: வாயை மூடுங்க. அப்புறம்டி?

மகள்: குளியலறைக்குள்ள போய் உக்காருவேன். அங்கதான் ஜன்னல் இல்ல. தலைக்கு மேல மெத்தையை இழுத்துக்குவேன்.

அம்மா: காத்து சட்டுனு நின்னுடுச்சு. வெயில்கூட அடிக்குது. இப்ப?

மகள்: வெளிய ஓடக் கூடாது. புயலுக்கு நடுவுல அப்படித்தான் இருக்கும். மறுபடி அடிக்கும், எதிர்ப்பக்கத்துல இருந்து.

அப்பா: கெட்டிக்காரி. அப்படியே உங்கம்மா… சரி சரி, முறைக்காதே.

மகள்: குளியலறையில ரெண்டு தலகாணிதான் போட்டிருக்கே?

அம்மா: …உனக்கொண்ணு, எனக்கொண்ணு.

மகள்: அப்பாவுக்கு?

அப்பா: புயலடிச்சா நான் டிப்போவுல இருப்பேன்டா. பஸ்ஸையெல்லாம் மேட்டுல ஏத்தி நிறுத்தணும்ல?

மகள்: எல்லாப் புயலுக்குமா?

அம்மா: கேள்வி கேட்டது போதும். உள்ள போய்க் கதவைச் சாத்திட்டு உக்காரு. நான் கூப்பிட்டாத்தான் வெளிய வரணும்.

அப்பா: …சாத்திட்டாளா?

அம்மா: சாத்திட்டா. மெதுவாப் பேசுங்க. ஞாயித்துக்கிழமை போறதுன்னா இன்னைக்கே அவகிட்ட சொல்லிடுங்க.

அப்பா: பிரிஞ்சிருக்கலாம்னு ரெண்டு பேரும் சேர்ந்துதானே முடிவெடுத்தோம்? நான் மட்டும் எதுக்குச் சொல்லணும்?

அம்மா: வேற வீடு பார்த்தது நீங்கதானே?

அப்பா: ஒரே வீட்ல மூச்சு முட்டுதுன்னது யாரு?

அம்மா: ஆரம்பிச்சுட்டீங்களா…

அப்பா: இல்ல, விடு. புயல் போகட்டும். இப்ப சொன்னா ரெண்டுக்கும் சேர்த்துப் பயப்படுவா.

அம்மா: அதுவரைக்கும்?

அப்பா: டிப்போன்னே இருக்கட்டும்.

அம்மா: …இருக்கட்டும். பாப்பா! வெளிய வா, முடிஞ்சுது.

மகள்: நான் பயப்படவே இல்லம்மா. இருட்டுதான் ஒரு மாதிரி இருந்துச்சு.

அம்மா: அதுக்குத்தாண்டி டார்ச். இவரு அதை எங்க கொண்டுபோய்த் தொலைச்சாரோ…

அப்பா: நான் தொடவே இல்லங்கறேன், நீ பாட்டுக்கு…

மகள்: அப்பாவைத் திட்டாதேம்மா. நான்தான் எடுத்தேன்.

அம்மா: எங்கடி வெச்சே?

மகள்: கட்டிலுக்கு அடியில அப்பா ஒரு பை ஒளிச்சு வெச்சிருக்காருல்ல, அதுக்குள்ள. சட்டைங்களுக்கு நடுவுல. இங்க நாம ரெண்டு பேரு இருக்கோம்… அந்த வீட்ல கரண்டு போனா அப்பா தனியாத்தானே உக்காந்திருக்கணும்?